ஜாடியைத் திறப்பவள்

அந்தக் கடையில் காலைக் காபிக்கு முன்பே முடிந்துவிட வேண்டிய வேலை ஒன்று உண்டு. முந்தைய நாள் துடைத்து முடித்த லென்ஸ், இரவெல்லாம் வாயகன்ற கண்ணாடி ஜாடி ஒன்றில் மூடி இறுகக் கிடக்கும். காலையில், காபியோ பற்பசையோ வாயில் படாத ஒருவர் மூடியைத் திறந்து, மூக்கை உள்ளே நீட்டி, ஒரே ஒரு முறை மூச்சை இழுக்க வேண்டும். சிகரெட் நாற்றம் இல்லையென்றால் லென்ஸ் விற்பனைக்குப் போகும். இருந்தால் மறுபடியும் மேசைக்குத் திரும்பும். இரண்டாம் மூச்சுக்கு அனுமதி இல்லை. இரண்டாம் மூச்சில் எந்த மூக்கும் சமாதானத்துக்கு வந்துவிடும் என்பது கடையை நடத்தும் மாமியாரின் முடிவு.

ஜாடியைத் திறப்பவள் மூத்த மருமகள். வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்று பெயர். கடைத்தெருவில் ‘மூக்கு’ என்று பெயர். இரண்டாவது பெயர் அவளுக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தெரியும்; பிடித்தும் இருந்தது.

கடை கீழே, வீடு மேலே. பழைய கேமராக்களையும் லென்ஸுகளையும் வாங்கிச் சுத்தம் செய்து விற்பதே குடும்பத்தின் தொழில். இளைய மகன் ஊர் ஊராகச் சுற்றி, படம் எடுப்பதை நிறுத்திவிட்டவர்களிடமும், உலகத்தையே நிறுத்திவிட்டுப் போனவர்களின் பிள்ளைகளிடமும் பேரம் பேசிப் பெட்டி பெட்டியாக வாங்கி அனுப்புவான். வந்து சேரும் பெட்டிகளைப் பார்த்தால், கேமரா வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் ஒரு கண்ணைக் கேமராவுக்கும் உதட்டின் ஓரத்தைச் சிகரெட்டுக்கும் ஒதுக்கி வைத்துத்தான் வாழ்ந்திருக்க வேண்டும் என்று தோன்றும். புகை வெறும் நாற்றம் அன்று, அது படியும். உலோகத்தின் மேல் பழுப்பாக, கண்ணாடியின் மேல் மெல்லிய மஞ்சளாக, கேமராவைப் போர்த்திய தோலின் துளைகளில் பிசினாகப் படிந்து, அதன் மேல் தூசியையும் அழைத்து உட்கார வைத்துக்கொள்ளும்.

அதை எடுப்பதற்கு ஒரு வரிசை இருந்தது. பெரியவள் அந்த வரிசையை மீறியதில்லை. முதலில் உலர்ந்த தூரிகை. பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. பிறகு உலோகத்துக்கு ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக்குச்சி. முதல் பஞ்சு திக்கான டீயின் நிறத்தில் திரும்பி வரும். அடுத்தடுத்தவை தண்ணீர் கூடிய டீயின் நிறத்தில் வரும். பஞ்சு போன நிறத்திலேயே திரும்பி வரும்போது கையை எடுக்கலாம். லென்ஸைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட வேண்டும்; புகையை விடாமல் பிடித்து வைத்துக்கொள்வதில் ரப்பருக்கு இணையில்லை. கண்ணாடி எப்போதும் கடைசி. நடுவில் தொடங்கி வெளிப்புறமாக, வட்டம் வட்டமாக, அழுத்தாமல்.

அவள் துடைத்ததை ஜாடி ஒப்புக்கொண்ட பிறகு, பொதி மேசையில் இருக்கும் அவளுடைய கணவன் அதைத் துணிப்பையில் இட்டு, பெட்டியில் வைத்து, அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்புவான். துணிப்பைகளும் அவள் தைத்தவையே. அவனும் ஒரு காலத்தில் புகைத்தவன்தான். நெஞ்சுச்சளியோடு ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தபோது விட்டான். விட்டதைப் பெரியவள் தெரு முழுக்கச் சொன்னாள். அவன் விட்டதைவிட அவள் விடவைத்தது பெரிதாகப் பேசப்படும் விதத்தில் சொன்னாள். அதன் பிறகும் அவன் பக்கத்தில் எப்போதாவது லேசாக வாடை அடித்தால், “உன் மேலேர்ந்துதான் வருது. நாள் பூரா அதுலயே ஊறிட்டு வந்து எங்கிட்ட கேளு” என்பான். நியாயமாகவே தோன்றும். அவள் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வருவாள்.

இப்படியிருக்கையில்தான் இளையவனுக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வந்தாள். கூடவே ஒரு ஹேர் டிரையரும் வந்தது.

தலைமுடியை உலர்த்துவதற்கென்றுதான் பெரியவள் நினைத்தாள். சின்னவளோ அதைக் கடைக்கு எடுத்து வந்து, பெரியவள் துடைத்து வைத்திருந்த லென்ஸின் ரப்பர் வளையத்தின் மேல் வெப்பக்காற்றைச் சற்று நேரம் காட்டி, முகர்ந்து பார்த்தாள்.

“என்ன பண்ற?”

“ரப்பர் குளிர்ச்சியா இருந்தா வாயைத் திறக்காது அக்கா. கொஞ்சம் சூடு காட்டினாத்தான் உள்ள இருக்கறதைச் சொல்லும்.”

“கடை மாதிரி இல்லியே, போலீஸ் ஸ்டேஷன் மாதிரில்ல இருக்கு.”

சின்னவள் சிரித்தாள். மாமியாரும் சிரித்தாள். மாமியார் சிரித்தது எதற்காக என்பதைப் பெரியவள் அன்று முழுவதும் யோசித்தாள். தன் நகைச்சுவைக்காக என்று நம்புவதற்கு அவளால் முடியவில்லை.

பிறகு அது வளர்ந்தது. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்கப் பெரியவள் தயாராக இல்லை. சின்னவள் வேலை மேசையைத் துடைக்கும் விதம் சரியில்லை என்றும், பஞ்சுக்குச்சிகளை வீணாக்குகிறாள் என்றும், அத்தையைக் கூப்பிடும்போது குரலில் தேவையில்லாத தேன் ஒழுகுகிறது என்றும் தனித்தனியாகக் கவனித்தாள்; மொத்தமாகக் கூட்டிப் பார்க்கவில்லை. மாமியார் ஒருநாள், “சின்னவளே, நீயும் ஒரு தடவை மோந்து பாரேன்” என்று ஜாடியை அந்தப் பக்கம் நகர்த்தியபோது, பெரியவள் ஸ்பிரிட் புட்டியின் மூடியைத் தேவைக்கு மேல் இறுக்கினாள். சின்னவள் முகர்ந்துவிட்டு, “அக்கா துடைச்சா சுத்தம்தான் அத்தை” என்றாள். அந்தச் சான்றிதழ்தான் எரிந்தது. சான்றிதழ் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார்?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று பொதி மேசையில் நடந்துகொண்டிருந்தது. பெரியவள் தண்ணீர் மாற்றுவதற்காகப் பின்கட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அவளுடைய கணவனும் சின்னவளும் தலையைக் குனிந்து தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருப்பார்கள். இவளைக் கண்டதும் பேச்சு அறுந்துவிடும். அவன் டேப்பைக் கிழிப்பான். அவள் பெட்டியை எண்ணுவாள். ஒருமுறை, அவன் கட்டி வைத்த துணிப்பையிலிருந்து லென்ஸை எடுத்து, சின்னவள் வேறொரு பைக்கு மாற்றுவதையும் பெரியவள் கண்டாள்.

“நான் தைச்ச பைக்கு என்ன குறை?”

“நூல் பிரிஞ்சிருந்தது அக்கா.”

அன்றிரவே பெரியவள் அத்தனை பைகளையும் எடுத்து விரித்துப் பார்த்தாள். எதிலும் நூல் பிரிந்திருக்கவில்லை.

படுக்கையில் கணவனிடம் கேட்டாள். “அவளோட அப்படி என்ன குசுகுசுன்னு?”

“எவளோட?”

“இந்த வீட்டுல எத்தனை பேர் உங்ககிட்ட குசுகுசுங்கறாங்க?”

“சின்னப் பொண்ணு, தொழில் கத்துக்கறா. விடேன்.” அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். குற்றமற்றவர்களும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதுண்டு என்பதை அவள் தனக்குத் தானே எடுத்துச் சொல்லிப் பார்த்தாள்.

சின்னவள் காய்ச்சலில் படுத்து, சில நாள்கள் கடைக்கு வராமல் இருந்தாள். அந்த நாள்களில் கடை மறுபடியும் கடையாக இருந்தது. பெரியவள் தனியே ஜாடியைத் திறந்தாள். தனியே தீர்ப்புச் சொன்னாள். பிறந்த குழந்தைகளைப் படமெடுக்கும் பெண் ஒருத்திக்கு அருமையான லென்ஸ் ஒன்றைப் பழுப்பெல்லாம் நீக்கி, பளிங்குபோல ஆக்கி அனுப்பினாள்.

அந்த லென்ஸ்தான் திரும்பி வந்தது.

படமெடுப்பவள் கோபக்காரி அல்லள். அதனால்தான் அவள் சொன்னது உறைத்தது. துணிப்பையோடு லென்ஸை மேசைமேல் வைத்தாள். “நான் குழந்தை முகத்துக்கிட்ட கொண்டு போய் எடுக்கறவ. பிறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. பையைத் திறந்ததுமே குழந்தையோட அம்மா, யாரு சிகரெட் பிடிச்சதுன்னு கேட்டுட்டாங்க. என்னைப் பார்த்துக் கேட்டாங்க!”

“எங்க கடையிலேர்ந்து அப்படிப் போகாதே” என்றாள் பெரியவள்.

“நான் வீட்டுல வச்சு ஊதிட்டு வந்து உங்க மேல பழி போடறேன்னு சொல்றீங்களா?”

மாமியார் குறுக்கே வந்து, லென்ஸை வாங்கி வைத்து, சரி செய்து தருவதாகச் சொல்லி அனுப்பினாள். படமெடுப்பவள் வாசற்படி இறங்கிய பிறகு, குரலை உயர்த்தாமல், கணக்குப் பார்ப்பதுபோல் சொன்னாள்.

“பெரியவளே, கொஞ்ச நாளைக்குச் சின்னவள் ஜாடியைத் திறக்கட்டும்.”

“காய்ச்சல்ல படுத்தவளுக்கு மூக்கே அடைச்சிருக்கும்.”

“அடைச்ச மூக்கு பரவாயில்ல. பழகின மூக்குதான் பயமா இருக்கு.”

பெரியவள் அன்று மதியமே அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். கணவன் பெட்டியைப் பேருந்து நிறுத்தம் வரை தூக்கி வந்தான். போகாதே என்று சொல்வான் என எதிர்பார்த்தாள். “அடுத்த வண்டியில சீட் கிடைக்கும்” என்றான்.

அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னபோது, அம்மா தலையணை உறையை மாற்றிக்கொண்டே கேட்டாள். “ஒரு ஜாடிக்காகவா புருஷன் வீட்டை விட்டு வந்த?”

“ஜாடி இல்லம்மா.”

“பின்ன?”

அதற்குப் பெரியவளிடம் விடை இருந்தது. வாய்விட்டுச் சொல்லத்தக்க விடையாக அது இல்லை. காலையில் விழித்ததும் அவள் கண்முன் வருவது, அந்த ஜாடியின் மேல் குனியும் இன்னொருத்தியின் தலை. அதற்குப் பக்கத்தில், தீர்ப்புக்காகக் காத்து நிற்கும் தன் கணவன். இந்தக் காட்சியை அவள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மெருகேற்றினாள். ஒருநாள் சின்னவளின் கூந்தல் அவிழ்ந்திருந்தது. மறுநாள் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

இடையே வேறொன்றும் நடந்தது. அம்மா வீட்டில் வாசனைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஈரச்சுவர், செய்தித்தாளின் மை, அடுத்த வீட்டில் இஸ்திரி போடும்போது எழும் ஆவி. எல்லாம் எப்போதும் இருந்தவைதாம், அவள் மூக்குக்குத்தான் எட்டாமல் இருந்தன. அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மனக்காட்சியில் அவன் சின்னவளின் கையிலிருந்து ஜாடியை வாங்கத் தொடங்கிய அன்று, பொறுக்க முடியாமல் பெட்டியைக் கட்டினாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல். கணவன் பொதிகளைச் சேர்ப்பிக்கப் போயிருந்தான். மாடிப்படியில் கால் வைத்ததுமே சிகரெட் நாற்றம் முகத்தில் அடித்தது. புதுப் பெட்டி ஏதோ வந்து இறங்கியிருக்கிறது என்று நினைத்தாள். ஆனால் பெட்டிகள் படியேறி வருவதில்லை. நாற்றத்தைப் பின்தொடர்ந்தாள். அது கூடத்தைக் கடந்து, அவளுடைய அறைக்குள் நுழைந்து, கொடியில் தொங்கிய சட்டையில் ஒருமுறை நின்று, தலையணையில் போய்ப் படுத்துக்கொண்டது.

பழைய புகையும் புதிய புகையும் அவளுக்குக் குழம்புவதில்லை. பழையது புளித்திருக்கும், மரத்திலும் தோலிலும் நெடுங்காலம் குடியிருந்த களைப்பு அதில் தெரியும். இது இன்றையது.

அவள் தலையணையைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்தாள். எத்தனை மாலை தலைக்குக் குளித்திருக்கிறாள்! அவளுடைய தொழிலை அவன் குடையாகப் பிடித்துக்கொண்டு, அதன் நிழலில் நின்று ஊதியிருக்கிறான். ஊரில் யார் எப்போது புகைத்த சிகரெட்டையும் கண்டுபிடிக்கும் மூக்கு, தன் பக்கத்தில் படுத்திருந்ததைக் கண்டுபிடிக்காமல் இருந்திருக்கிறது.

அழவில்லை. கடைக்கு இறங்கினாள். வேலை செய்பவளுக்கு அடுத்த படி எதுவென்று தெரியும்: ஊகத்தைச் சோதிக்க வேண்டும். திரும்பி வந்த லென்ஸ் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது, அதன் துணிப்பை கீழ்த்தட்டில் தனியாகக் கிடந்தது. சின்னவளின் ஹேர் டிரையரை எடுத்தாள். அதைத் தொடுவது அதுவே முதல் முறை. லென்ஸைப் பையிலிருந்து தொலைவில் வைத்து, அதன் ரப்பர் வளையத்துக்குச் சூடு காட்டினாள். குனிந்து ஒரே மூச்சு. ஒன்றுமில்லை. பிறகு பைக்குச் சூடு காட்டினாள். முழு மூச்சு தேவைப்படவில்லை.

“வந்துட்டீங்களா அக்கா?”

சின்னவள் பின்கட்டு வாசலில் நின்றாள். பெரியவளின் கையில் இருந்தது எது என்பதையும், அது எதன் பக்கம் திரும்பியிருந்தது என்பதையும் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

“எப்பலேர்ந்து தெரியும்?” என்றாள் பெரியவள்.

“எது?”

“தெரியாத மாதிரி கேட்காத.”

சின்னவள் கதவுநிலையைச் சுரண்டினாள். “வந்த வாரமே தெரியும். துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி மாமா நின்னு ஊதிட்டு இருந்தார். அவகிட்ட சொல்லிடாதம்மா, நானே விட்டுடறேன்னு கையெடுத்துக் கும்பிட்டார்.”

“அதுக்குத்தான் தினமும் மாநாடா?”

“விடச் சொல்லித்தான் அக்கா சண்டை போட்டுட்டிருந்தேன்.”

“என் புருஷனோட சண்டை போடறதுக்கு நான் செத்தா போயிட்டேன்?”

சின்னவள் மேசைமேல் கிடந்த பையைக் காட்டினாள். “ஊதிட்டு வந்து அதே கையால கட்டுவார். பையில ஏறிக்கும். அதான் நான் மாத்தி மாத்தி வச்சேன். உங்க வேலை கெட்டுப் போகக்கூடாதுன்னுதான். காய்ச்சல்ல படுத்தப்ப மாத்த முடியல. லென்ஸ்ல என்னிக்குமே ஒண்ணும் இருந்ததில்ல அக்கா.”

இதைக் கேட்டுப் பெரியவளின் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. அவள் கற்பனை செய்து மெருகேற்றியிருந்த குற்றம் இல்லையென்று ஆகிவிட்டது. அதன் இடத்தில் வந்து உட்கார்ந்த உண்மை, அந்தக் குற்றத்தைவிட வசதிக்குறைவாக இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவனைப் பிடித்தவள் இவள். அவன் கும்பிட்டது இவளை. அவனைத் திட்டியவள் இவள், மன்னித்தவள் இவள், தன் பெயரைத் தனக்கே தெரியாமல் காப்பாற்றி வந்தவளும் இவள். ஒரு மனைவி செய்ய வேண்டியவற்றில் நல்லவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு, தலைக்குக் குளிப்பதை மட்டும் பெரியவளுக்கு விட்டு வைத்திருக்கிறாள்.

மாமியார் படியிறங்கி வந்தாள். மேசைமேல் இருந்த லென்ஸையும் பையையும் ஹேர் டிரையரையும் வரிசையாகப் பார்த்தாள்.

“அந்தப் படம் எடுக்கற பொண்ணு லென்ஸை வாங்கிக்க இப்ப வந்துடும். என்ன சொல்லப் போறோம்? தப்பு லென்ஸ்லயா, எங்க?”

சின்னவள் முந்திக்கொண்டாள். “அத்தை, தப்பு என்னோடது. பை வைக்கற டப்பாவை நான்தான் பழைய சாமான் பக்கத்துல திறந்து வச்சுட்டேன். அதுலேர்ந்து வாடை ஏறிடுச்சு. அக்கா மேல ஒண்ணுமில்ல.”

பொய் அழகாக இருந்தது. யாரும் அடிபடாமல் எல்லோரையும் வீடு சேர்க்கும் பொய். பெரியவள் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். கணவனின் மானம் இருக்கும், ஜாடி திரும்பி வரும். கூடவே, ஆயுள் முழுவதற்கும் ஒரு நன்றிக்கடனும் வரும். இந்தப் பெண் எதிரில் வரும்போதெல்லாம் மனத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும். அவமானத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்று பெரியவளுக்குத் தோன்றியது. இதைத் தாங்க முடியாது.

“அவ பொய் சொல்றா அத்தை” என்றாள். “டப்பா மூடித்தான் இருந்தது. லென்ஸ் சுத்தம். பை நாறுது. பையைத் தொட்டது உங்க மூத்த பிள்ளை. விட்டதா சொன்னதை விடல.”

“அக்கா!” என்றாள் சின்னவள்.

“நீ சும்மா இரு. இது என் வீட்டு விஷயம்.”

அந்த நேரம் பார்த்து அவன் உள்ளே வந்தான். மனைவியைக் கண்ட மகிழ்ச்சி முகத்தில் உண்மையாகவே தெரிந்தது. அது பாதி வழியில் நின்றுவிட்டது.

“ஏன்டா, மறுபடியும் ஊதறியா?” என்றாள் தாய்.

“யாரும்மா சொன்னது? அது இவ வேலை நாத்தம். இவ மேலேர்ந்து என் மேல ஒட்டிக்கும்.”

“இவ இத்தனை நாளா இங்கேயே இல்லையேடா.”

காலங்காலமாகக் கைகொடுத்து வந்த பதில் கையை விட்டுப் போவதை அவன் நின்றபடியே பார்த்தான்.

“கையை நீட்டு” என்றாள் தாய். பிறகு தானே குனியப் போனவள் நிமிர்ந்துகொண்டாள். “என் மூக்கு இந்த வீட்டுக்குள்ளயே கிடந்து மழுங்கிப் போச்சு. சின்னவளே, நீ...”

“நான் பார்க்கறேன்” என்றாள் பெரியவள்.

அவன் வலக்கையை எடுத்துத் தன் முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள். நடு விரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடையே ஒரே மூச்சு. உலோகமாக இருந்தால் எந்தப் பஞ்சு, எத்தனை முறை என்று சொல்லியிருப்பாள்.

“இப்பதான்” என்றாள். “வர்ற வழியில.”

“ஒண்ணே ஒண்ணு” என்றான் அவன், மெல்ல.

படமெடுப்பவள் வந்தபோது, லென்ஸ் புதுப் பையில் காத்திருந்தது. அவள் முகர்ந்து பார்த்துத் தலையசைத்தாள். என்ன கோளாறு என்று கேட்டதற்கு, “கட்டினதுல” என்று மட்டும் மாமியார் சொன்னாள்.

மாமியாரின் புதிய ஏற்பாடு மறுநாள் காலையிலேயே நடைமுறைக்கு வந்தது. ஜாடி பெரியவளுக்கு. ரப்பருக்குச் சூடு காட்டுவது சின்னவளுக்கு. பொதி மேசையில் உட்காருவதற்கு முன் மூத்த மகன் சோப்புப் போட்டுக் கை கழுவி, கையைச் சோதனைக்கு நீட்ட வேண்டும். கடைத்தெருவில் இது எப்படியோ பரவிற்று. எதிர்க்கடைக்காரர் தினமும் அந்த நேரத்துக்குத் தம் கடை வாசலைப் பெருக்க ஆரம்பித்தார்.

பெரியவள் ஜாடியைத் திறந்தாள். ஒரே மூச்சு. “போகலாம்” என்றாள். பெட்டி கட்ட வந்த கணவன், பள்ளிக்கூடத்தில் நகம் காட்டும் பிள்ளையைப்போல இரண்டு கைகளையும் நீட்டினான். பெரியவளின் கைகளில் ஜாடி இருந்தது.

சின்னவள் மேசைக்கு மறுபுறத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். “உங்க கை வேலையா இருக்கே அக்கா. நான் வேணா மாமா கையைப் பார்த்துடட்டுமா?”

பெரியவள் ஜாடியை அவளிடம் நீட்டினாள். முன்பு அம்மா வீட்டுக்குப் போகவைத்த அதே ஜாடி. சின்னவள் ஒன்றும் புரியாமல் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

“இதை நீ வச்சுக்கோ” என்றாள் பெரியவள். “அந்தக் கையை நான் பார்த்துக்கறேன்.”